பட்டியலில் இல்லாத நாட்டின் பிளேஸ்டேஷன்

கொன்சோல் போட்டியில் வென்றவர் யார் என்ற விவாதம் எங்கும் ஓயவில்லை. அந்தப் போட்டியின் விளைவுகள் புத்தளக் கரையோரத்துக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை ஆராய்கிறது இவ்வாரச் சிறப்புக் கட்டுரை.

கச்சான் காற்று பலத்து, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையெங்கும் படகுகள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடக்கும் வைகாசி மாதத்துப் பிற்பகல்களில், காற்றாலைகளின் இறக்கைகள் மாத்திரம் ஓய்வின்றிச் சுழன்றுகொண்டிருக்க, கடலுக்குப் போக வழியில்லாத இளைஞரில் ஒரு பகுதியினர் வந்து ஒதுங்குகின்ற இடம் கேம் கடையாகும். தகரக் கூரையின் வெக்கையைத் தணிக்க இயலாத ஒரு மேசை மின்விசிறி, இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள், அவற்றின் முன்னே பிளாஸ்டிக் நாற்காலிகள், ரப்பர் தேய்ந்துபோன கன்ட்ரோலர்கள், சுவரிலே காற்பந்து வீரர் ஒருவரின் வெளிறிய படம்: இவ்வளவே அதன் ஐசுவரியம். அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து, காத்திருப்போரின் பெயர்களைக் கொப்பியொன்றில் குறித்துக்கொண்டு, கடைக்காரர் வாசலருகே அமர்ந்திருக்கிறார். விளையாடுகிறவர்களைவிட, பின்னால் நின்று வாதாடுகிறவர்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

"எக்ஸ்பொக்ஸ் கதை முடிஞ்சு போச்சு நானா! ஹேலோவே பிஎஸ் 5க்கு வருதாம்."

"முடிஞ்சா உனக்கென்ன லாபம் தம்பி? அதோட சீடி எப்ப நம்ம கைக்கு வரும், அதைச் சொல்லு."

புத்தளம் நகரத்துச் சந்துகளிலும், பாலாவி, மதுரங்குளி, முந்தல் வழியாகச் சிலாபம் வரையில் நீளும் பாதையோரத்து ஊர்களிலும் இந்த விவாதத்தை எவரும் கேட்கலாம். சிறு வயது முதலே இவ்விளையாட்டுகளோடு பழகி வந்தவன் என்ற முறையில், பையனின் உற்சாகத்தை நான் நன்கறிவேன். ஆயினும் கடைக்காரரின் மறுமொழியே எனக்கு அதிக கனமுடையதாகத் தோன்றுகிறது. சோனியா, மைக்ரோசொப்டா, நின்டெண்டோவா என்று உலகம் முப்பது ஆண்டுகளாகக் கட்சி கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, அக்கம்பனிகள் யாவும், ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டிருந்தபோதும், காசு கொடுத்து வாங்கியவனிடமிருந்து வாங்கிய பொருளின் பாத்தியதையைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரே திசையில் நடந்து வந்திருக்கின்றன. அந்நடையின் பாரம், கடன் அட்டையும் தடையற்ற இணைய வசதியும் உடைய நாடுகளைவிட, சீடி கைமாறி வாழ்கின்ற இத்தகைய கரையோரங்களிலேயே முதலில் அழுத்துகிறது.

சண்டை பிறந்த விதம்

நின்டெண்டோ தன் ஃபெமிகொம் இயந்திரத்தை ஜப்பானில் வெளியிட்டது 1983 ஜூலை 15ஆம் திகதி. அதே மாதத்தின் இறுதியில் இலங்கை தீப்பற்றி எரிந்தது. பின்னர் வந்த நீண்ட யுத்த காலத்தில் இத்தீவுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அவ்வியந்திரத்தின் மலிவான நகல்களே. அங்கே வெளியுலகில் சேகாவும் நின்டெண்டோவும் விளம்பரங்களில் ஒன்றையொன்று பெயர் சொல்லி ஏசிக்கொண்டன. நின்டெண்டோவுடன் கூட்டுச் சேர்ந்து சீடி இயந்திரம் செய்யவிருந்த சோனி, 1991இல் அந்தக் கூட்டு பகிரங்கமாக முறிந்ததும், கென் குத்தராகி என்ற பொறியியலாளரின் பிடிவாதத்தால் தனியே புறப்பட்டது. பிளேஸ்டேஷன் அவ்வாறு பிறந்தது. அதன் இரண்டாம் தலைமுறை 16 கோடிக்கும் அதிகமாக விற்பனையாகி, இன்றுவரை எந்தக் கொன்சோலும் எட்டாத உயரத்தில் நிற்கிறது. நம் நாட்டில் கொழும்பு பம்பலப்பிட்டியின் யுனிட்டி பிளாஸாவுக்குப் போய்த் திரும்பிய எவருடைய பையிலும் அந்நாளில் அதற்கான நகல் சீடிகள் சில இருந்தன என்பதை மறைத்துப் பயனில்லை.

---
பெட்டிச் செய்தி: போட்டியின் பாதை

1994 டிசெம்பர் 3: ஜப்பானில் முதலாவது பிளேஸ்டேஷன்.
1995 மே: அமெரிக்கக் கண்காட்சியில் சேகா தன் சற்றேர்ன் இயந்திரத்துக்கு 399 டொலர் என்று அறிவிக்க, சோனியின் பிரதிநிதி மேடையேறி 299 என்ற எண்ணை மாத்திரம் கூறி இறங்கினார்.
2001: சேகா கொன்சோல் உற்பத்தியிலிருந்து விலகியது, நவம்பர் 15இல் அமெரிக்காவில் எக்ஸ்பொக்ஸ் வெளியாயிற்று.
2011 ஏப்ரல்: பிளேஸ்டேஷன் வலையமைப்பு ஊடுருவப்பட்டு, 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் ஆபத்துக்குள்ளாகின, சேவை மூன்று வாரங்களுக்கு மேல் நின்றது.
2020 நவம்பர்: பிஎஸ் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ்.
2023 ஒக்டோபர் 13: 68.7 பில்லியன் டொலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்ட் மைக்ரோசொப்டின் கைக்கு மாறியது.
2025 ஓகஸ்ட்: சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பொக்ஸில் இறங்கியது. ஒக்டோபர்: மைக்ரோசொப்டின் ஹேலோ பிஎஸ் 5க்கு வரும் என்ற அறிவிப்பு.
---

இல்லாத தேசம்

புதிய பிளேஸ்டேஷன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, மின்சாரத்தில் இணைத்து, கணக்கொன்றைத் தொடங்க முற்படும் இலங்கையரை அந்த இயந்திரம் ஆரம்பத்திலேயே கேட்கும் கேள்விகளுள் ஒன்று, எந்த நாட்டில் வசிக்கிறீர் என்பதாகும். விரிகின்ற பட்டியலில் இந்தியா உண்டு, சிங்கப்பூர் உண்டு, கட்டாரும் குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் உண்டு, இலங்கை இல்லை. சுமார் 70 நாடுகளே இடம்பெறும் அப்பட்டியலில் தன் நாட்டைத் தேடிக் காணாத பையன், யாரோ சொல்லிக்கொடுத்தபடி அமெரிக்காவையோ இந்தியாவையோ தெரிவு செய்து, தான் ஒருபோதும் கண்டிராத ஒரு நகரத்தின் அஞ்சற் குறியீட்டை நிரப்பி உள்ளே நுழைகிறான்.

அந்த ஒரு பொய் அவனை நெடுங்காலம் கட்டிவைக்கிறது. கணக்கு எந்த நாட்டின் பெயரில் தொடங்கப்பட்டதோ அந்த நாட்டைப் பின்னர் மாற்ற முடியாது. அமெரிக்கக் கணக்குக்கு அமெரிக்கக் கடையின் பரிசு அட்டையே செல்லும். துபாயிலிருக்கும் மாமா அங்கே வாங்கி அனுப்பும் அட்டை அதற்குச் செல்லாது. இலங்கை வங்கியின் அட்டையை அந்தக் கடை பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகையால் இடைத்தரகர் ஒருவரிடம் அதிக விலை கொடுத்துக் குறியீட்டு எண்களை வாங்க வேண்டும். அந்த எண் பழுதாக இருந்தால் முறையிடுவதற்கு இடமில்லை, ஏனெனில் முறையிடப் போகிறவனே தன் வசிப்பிடத்தைப் பொய்யாக எழுதியவன். கம்பனியின் நிபந்தனைகளின்படி அந்தக் கணக்கை எந்த வேளையிலும் முடக்கலாம். முடக்கினால், அதன் பெயரில் வாங்கியவை யாவும் அதனோடு போய்விடும்.

வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் அடைக்கலம் புகுந்த மாவட்டம் இது. முகவரி என்பது எத்துணை கனமான விஷயம் என்பதை அம்மக்களின் பிள்ளைகளுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அந்தத் துயரத்தோடு ஒரு விளையாட்டுக் கணக்கை ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆனால், பொய் முகவரி எழுதினால் மாத்திரமே உள்ளே வரலாம் என்ற நிர்ப்பந்தத்தை ஒரு பிள்ளையின் மேல் சுமத்துகிற ஸ்தாபனம், அவன் விதியை மீறினான் என்று பிற்பாடு குற்றம் சாட்டுகின்ற தார்மிக உரிமையை இழந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இது வெறும் அசௌகரியம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு 2024ஆம் ஆண்டு மே மாதம் கண் திறந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் வெளிவந்த ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டைக் கணினியில் ஸ்டீம் கடை மூலம் வாங்கியிருந்த இலட்சக்கணக்கானோருக்கு, இனிமேல் பிளேஸ்டேஷன் கணக்கொன்றை இணைத்தாலன்றி விளையாட முடியாது என்று சோனி அறிவித்தது. கணக்கே தொடங்க முடியாத நாட்டில் இருப்பவர் எதை இணைப்பது? அதற்கு விடை தருவதற்குப் பதிலாக, 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்புலங்களிலும் அவ்விளையாட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான எதிர்ப்பு மதிப்புரைகள் சில தினங்களில் ஸ்டீமில் குவிந்தன; கம்பனி தன் கட்டளையைத் திரும்பப் பெற்றது. கட்டளை போயிற்று, விற்பனைத் தடை அவ்வாறு உடனே போகவில்லை; அதே மாதத்தில் கணினிக்கு வந்த கோஸ்ட் ஒஃப் சுஷிமாவுக்கும் அந்த நாடுகளின் கதவு சாத்தப்பட்டே இருந்தது. 2025 ஜனவரியில்தான், தன் கணினி விளையாட்டுகள் சிலவற்றுக்குக் கணக்கு இணைப்பு கட்டாயமன்று என்று சோனி இறங்கி வந்தது.

இந்த நிகழ்ச்சியில் நான் காணும் செய்தி ஒன்றுண்டு. புத்தளத்துப் பையன் ஒருவன் தனியே முறையிட்டிருந்தால் அந்தக் குரல் எவர் காதிலும் விழுந்திராது. விதி மாறியது, வசதி படைத்த நாடுகளின் விளையாட்டாளரும் அதே விதியால் சினங்கொண்டதால். ஸ்டீம் கடையோ இலங்கையை உள்ளடக்கிய தெற்காசியாவுக்கென்று தனியாக ஒரு டொலர் விலைப்பட்டியலே வைத்திருக்கிறது. ஆகவே, சிறிய நாடுகளுக்குக் கடை திறப்பது இயலாத காரியம் என்ற சமாதானத்தை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

சூட்கேஸில் வருகின்ற சீடி

இம்மாவட்டத்துக் கொன்சோல்களின் வரலாறு விமான நிலையத்திலே தொடங்குகிறது. சவூதியிலும் கட்டாரிலும் சாரதியாகவும் காவலாளியாகவும் வேலை செய்கின்ற தந்தை, வீட்டுப் பணிக்குச் சென்ற தாய், வென்னப்புவை, மாரவிலைப் பக்கத்தாராயின் இத்தாலியில் உழைக்கும் உறவினர்: இவர்களுடைய சூட்கேஸ்களில், துணிகளுக்கு நடுவே, பிள்ளையின் நச்சரிப்புக்கு இணங்கி வாங்கப்பட்ட அந்தப் பெட்டி வந்து சேர்கிறது. கூடவே ஒன்றிரண்டு சீடி. பிஎஸ் 4, பிஎஸ் 5 இயந்திரங்களின் சீடிகளுக்குப் பிரதேசப் பூட்டு இல்லாதபடியால், தோஹாவில் வாங்கியது கற்பிட்டியிலும் தடையின்றி ஓடும். கம்பனியின் பட்டியலில் இல்லாத நாட்டவன், பட்டியலைக் கேளாமலே அனுபவிக்கக்கூடிய ஒரே பொருள் அதுவாகும்.

முதற் சொந்தக்காரன் விளையாடி முடித்ததும் அதன் உண்மையான ஆயுள் ஆரம்பிக்கிறது. அவன் அதை மதுரங்குளியிலுள்ள நண்பனொருவனுடைய வேறொரு சீடிக்கு மாற்றிக்கொள்வான். அந்த நண்பன் சில வாரங்கள் வைத்திருந்து கேம் கடைக்கு விற்பான். கடைக்காரர் அதைச் சிலாபத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து அது கொழும்புக்குப் போய் வேறொன்றாகத் திரும்பி வரும். உறையின் உள்ளே பேனையால் எழுதி அடித்த பெயர்களின் வரிசையைப் பார்த்தால், ஒரே விளையாட்டு எத்தனை வீடுகளுக்குள் சென்று வந்திருக்கிறது என்பது விளங்கும்.

---
பெட்டிச் செய்தி: விலைக் கணக்கு

பெரிய விளையாட்டொன்றின் அமெரிக்க விலை 70 டொலர். டொலரொன்று 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா.
நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கான மரியோ கார்ட் வேர்ல்ட் 80 டொலர்: 24,000 ரூபா.
இலங்கையின் தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா.
21,000 ரூபா பெறுமதியான சீடி பத்துப் பேரிடம் கைமாறினால், ஒருவர் பங்குக்கு 2,100 ரூபா.
2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. 499 டொலர் பிஎஸ் 5, வரியும் கூலியும் சேராமலே, சுமார் ஒரு இலட்சத்திலிருந்து சுமார் 1,80,000 ரூபாவாயிற்று.
---

இந்தக் கைமாற்றத்தால் விளையாட்டைச் செய்தவருக்குச் சல்லிக் காசும் போய்ச் சேர்வதில்லை என்ற ஆக்ஷேபம் நெடுநாளாக உண்டு. அதில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆண்டுக்கணக்காகச் சம்பளம் கொடுத்து ஒரு விளையாட்டை உருவாக்குகிறவர்கள் தம் உழைப்பின் பலனை எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் பழைய சீடியை விற்ற பணத்தோடு வாப்பா அனுப்பிய பணத்தையும் சேர்த்துத்தான் அடுத்த புதிய சீடி வாங்கப்படுகிறது. விற்க இடமில்லாவிட்டால் வாங்கவும் கையிருக்காது. அன்றியும், தம் கடையை இந்த நாட்டில் திறவாத கம்பனிகள், அந்தக் கடையில் நடக்காமற் போன வியாபாரத்தை நஷ்டம் என்று கணக்கெழுதுவது எங்ஙனம் பொருந்தும்? பிஎஸ் 2 காலத்து நகல் சீடி வேறு, காசு கொடுத்து வாங்கிய அசலைக் கைமாற்றுவது வேறு. முன்னதைச் செய்தவர்கள் பின்னதற்கு மாறியிருக்கிறார்கள் என்பது இந்தத் தொழில் மகிழ வேண்டிய மாற்றமாகும்.

மகிழ்வதற்குப் பதிலாக அதன் வேரை அறுக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு எக்ஸ்பொக்ஸ் ஒன்னை அறிமுகப்படுத்தியபோது, நாளுக்கொரு முறை இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்றும், பழைய சீடிகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்றும் மைக்ரோசொப்ட் கூறிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஒருவர் மற்றொருவரின் கையில் சீடியைக் கொடுக்கின்ற சில விநாடிப் படமொன்றை வெளியிட்டு, விளையாட்டைப் பகிர்வது எப்படி என்று சோனி விளக்கியது. உலகமே ஆரவாரித்தது. சில தினங்களில் மைக்ரோசொப்ட் பின்வாங்கியது. போட்டி என்பது நுகர்வோனுக்கு அனுகூலம் செய்த ஒரு தருணம் உண்டென்றால் அதுவே. ஆகையினால்தான் போட்டியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அதே சோனி 2024 நவம்பரில் 700 டொலர் விலையில் வெளியிட்ட பிஎஸ் 5 ப்ரோவில் சீடி செலுத்த இடமில்லை. வேண்டுவோர் அக்கருவியைத் தனியே வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் பிறந்ததிலிருந்தே சீடியை அறியாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2க்கான அட்டைகள் பலவற்றில் விளையாட்டு இல்லை. பதிவிறக்குவதற்கான அனுமதி மாத்திரமே உண்டு. அவற்றைக் கைமாற்றலாம் என்பது ஓர் ஆறுதலாயினும், கைமாறிய ஒவ்வொருவரும் முழு விளையாட்டையும் இணையத்திலிருந்து மீண்டும் இறக்கியாக வேண்டும். கைத்தொலைபேசி டேட்டாவைப் பங்கிட்டு வாழும் குடும்பத்துக்கு அந்தச் செலவு சிறிதன்று.

வாங்கியது எதனை?

பிரெஞ்சுக் கம்பனியான யுபிசொப்ட் 2014இல் வெளியிட்ட த குரூ என்ற கார் விளையாட்டை, 2024 மார்ச் 31ஆம் திகதியோடு நிறுத்தியது. அது தனியாகவும் விளையாடக்கூடிய விளையாட்டு. எனினும் கம்பனியின் சேர்வரோடு தொடர்பின்றி இயங்காதபடி அமைக்கப்பட்டிருந்தமையால், சேர்வர் நின்றதும், சீடியை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவருக்கும் அது ஒன்றுக்கும் உதவாத தகடாயிற்று. இந்த அநியாயத்தைக் கண்டு ரொஸ் ஸ்கொட் என்ற அமெரிக்கர் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. கலிபோர்னியா மாநிலத்திலோ, விற்கப்படுவது உரிமம் மாத்திரமே என்பதை வாங்குவோனுக்குத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் கடைகள் விற்பனை என்று கூறலாகாது என்ற சட்டம் 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் இந்த விவகாரத்தை எவரும் பிரஸ்தாபிப்பதாகவே தெரியவில்லை. கடை இங்கே இல்லாதபோது சட்டம் யாரைப் பிடிக்கும்?

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் இக்கரையிலுள்ள பழைய கணினிகளிலேயே கிடைக்கிறது. ஈஏ கம்பனி 2006இல் வெளியிட்ட கிரிக்கெட் 07 என்ற விளையாட்டுக்குப் பின் அந்தக் கம்பனி கிரிக்கெட்டையே கைவிட்டுவிட்டது. தெற்காசியா முழுவதும் உயிராகக் கருதும் ஒரு விளையாட்டு, அதன் இலாபக் கணக்கில் தேறவில்லை போலும். அதற்கடுத்து வந்த தலைமுறைகளின் இளைஞர்கள், இலங்கையிலும் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும், புதிய வீரர்களின் பெயர்களையும் புதிய சீருடைகளையும் மைதானங்களையும் தாமே செய்து அதிலே சேர்த்து, ஊதியம் எதிர்பாராமல் ஒருவருக்கொருவர் கொடுத்து, அதை இன்றளவும் வாழ வைத்திருக்கிறார்கள். மஹேலவும் சங்கக்காரவும் ஆடிய அணி போய், அவர்களுக்குப் பின் வந்த அணிகளும் அதிலே ஆடுகின்றன. அந்த விளையாட்டு எந்தச் சேர்வரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆகவேதான் கம்பனி மறந்த பின்னரும் மக்கள் அதைப் பேண முடிந்தது. த குரூவுக்கு இந்தப் பாக்கியம் இயல்பாகக் கிட்டவில்லை என்பதை நினைக்கும்போது என் மனம் உண்மையாகவே வருந்துகிறது, ஏனெனில் ஒரு விளையாட்டை ஆக்குவதில் கலைஞரும் இசையாளரும் கணிதம் அறிந்தோரும் கொட்டிய உழைப்பு அதிலே அடங்கியிருந்தது.

மின்வெட்டின் கீழே

நுரைச்சோலை அனல்மின் நிலையம் மூன்று பிரிவுகளாக 900 மெகாவாற்று திறன் கொண்டது. அதன் புகைபோக்கியைக் களப்பின் மறுகரையிலிருந்தும் காணலாம். அத்தகைய நிலையத்தைத் தன்னகத்தே கொண்ட மாவட்டமும் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாட்டின் ஏனைய பகுதிகளோடு சேர்ந்து இருளில் மூழ்கியது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டிற்று. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்று நிலையத்தில் பட்டு நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, நுரைச்சோலையின் இயந்திரங்கள் நின்று, அவை மீளும்வரை சில தினங்கள் முறைவைத்து மின்வெட்டு நடந்தது.

மின்சாரம் வந்த ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள், இணையக் கோபுரம் இன்னும் எழாத நிலையில், சீடியிலிருந்து நேரே ஓடும் விளையாட்டு ஓடிற்று. இணையத் தொடர்பின்றித் திறவாதது திறக்கவில்லை. கேம் கடைக்காரருக்கு இது பிழைப்பின் விஷயம். அன்றியும், தடையற்ற இணையம் உள்ள நாடுகளிலும் இதே கதிதான் என்பதை 2025 பெப்ரவரி 7ஆம் திகதி பிளேஸ்டேஷன் வலையமைப்பு ஏறக்குறைய ஒரு முழு நாள் நின்றபோது உலகம் கண்டது.

டயமண்ட் வாங்கும் பிள்ளைகள்

கொன்சோல் பற்றி இவ்வளவு பேசினாலும், இம்மாவட்டத்தில் விளையாடும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கையில் இருப்பது தொலைபேசியே. ஃப்ரீ ஃபயர் இலவசம், பப்ஜி இலவசம், அவற்றுக்குள்ளே விற்கப்படும் டயமண்டும் யூசியும் இலவசமல்ல. ரீலோட் போடும் கொமியூனிகேஷன் கடையிலேயே அவற்றுக்கும் பணம் செலுத்தும் வசதி வந்துவிட்டபடியால், இடைவேளைச் சிற்றுண்டிக்குக் கொடுத்த காசு எங்கே போகிறது என்பதைப் பல உம்மாமார் அறியார்.

பணம் கொடுத்துத் துப்பாக்கிக்கு ஒரு வர்ணம் வாங்குவதை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் செலுத்திச் சக்கரத்தைச் சுழற்றச் செய்வதுதான் என் ஆக்ஷேபத்துக்குரியது. இது சூதாட்டத்தின் இயல்பையுடையது என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் தீர்மானித்தது. அதன் விளைவாக, ஈஏ தன் காற்பந்து விளையாட்டுக்கான புள்ளிகளை அந்நாட்டில் விற்பதை 2019 ஜனவரியில் நிறுத்திற்று. அதே விளையாட்டு, ஃபீஃபா என்ற பெயரை விட்டு எஃப்சி என்ற பெயருக்கு மாறிய பின்னரும், ஏனைய நாடுகளில் அதே வீரர் பொதிகளை விற்கிறது. பெல்ஜியத்துப் பிள்ளைக்குத் தகாதது புத்தளத்துப் பிள்ளைக்குத் தகும் என்று எந்த நியாயத்தைக் கொண்டு கூற முடியும்? பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் பங்குத் தந்தையரும் சூது தீது என்று போதிக்கின்ற ஊர்களிலே, சூது பிள்ளையின் சட்டைப் பையில் ஒலியெழுப்பிக்கொண்டிருக்கிறது.

வெற்றி யாருடையது?

கேம் கடைப் பையன் கொண்டாடுகின்ற வெற்றியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கோல் ஒஃப் டியூட்டியைச் செய்யும் ஆக்டிவிஷனை வாங்கி நான்கு மாதங்கள் கழிவதற்கு முன், 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேரை மைக்ரோசொப்ட் வேலைநீக்கம் செய்தது. அடுத்த மாதம் சோனி 900 பேரை நீக்கியது. எல்லோராலும் பாராட்டப்பட்ட ஹை-ஃபை ரஷ் என்ற விளையாட்டைச் செய்த டாங்கோ கேம்வேர்க்ஸை மூடுவதாக மே மாதத்தில் மைக்ரோசொப்ட் அறிவித்தது. கொரியக் கம்பனியொன்று முன்வந்து அதை மீட்டது. சோனியோ, கொன்கோர்ட் என்ற விளையாட்டை 2024 ஓகஸ்ட் 23இல் வெளியிட்டு, இரு வாரங்களில் அதை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒக்டோபரில் அதைச் செய்த ஸ்தாபனத்தையே மூடிற்று. தோற்றவரின் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். வென்றவரின் ஊழியர்களும் வேலை இழந்தார்கள்.

விலையும் அவ்வாறே. முன்னைய தலைமுறைகளில் வயது ஏற ஏறக் கொன்சோலின் விலை இறங்குவது சம்பிரதாயம்; இம்முறை 2025 ஓகஸ்டில் பிஎஸ் 5 அமெரிக்காவில் 50 டொலர் ஏறிற்று, எக்ஸ்பொக்ஸ் அதே ஆண்டில் இரு தடவை ஏறிற்று, அதன் கேம் பாஸ் சேவையின் உயர்ந்த சந்தா ஒக்டோபரில் மாதத்துக்கு 30 டொலராயிற்று. போட்டியாளர் தளர்ந்துபோன சந்தையில் விலையைக் குறைக்க எவருக்கும் அவசரமில்லை. எக்ஸ்பொக்ஸ் தோற்க வேண்டும் என்று விரும்பிய பிளேஸ்டேஷன் அபிமானிகள் இதை யோசித்துப் பார்த்தல் நன்று.

கடல் கடந்து வாங்குவோருக்கு

இந்தப் பெருநாளுக்கோ பள்ளி விடுமுறைக்கோ பிள்ளைக்காகக் கொன்சோல் வாங்கவிருக்கும் வளைகுடாத் தந்தையர் சில விபரங்களைக் கவனித்தால் பிற்பாடு துன்பமில்லை. பிஎஸ் 5 ஆயின், சீடிக் கருவி உள்ள பெட்டியையே கேட்டு வாங்குக. விலை வித்தியாசம் இரண்டு மூன்று பழைய சீடிகளில் தீர்ந்துவிடும். தனியே கழற்றிப் பூட்டும் சீடிக் கருவியைப் பின்னர் வாங்கினால், முதன்முறை இணைக்கும்போது இணையத் தொடர்பு அவசியம் என்பதால், ஊருக்குக் கொண்டுவருமுன் அங்கேயே பூட்டிப் பதிவு செய்துகொள்வது உத்தமம். பிள்ளையின் கணக்கு எந்த நாட்டின் பெயரில் இருக்கிறது என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே பரிசு அட்டை வாங்குக. வளைகுடாவில் வாங்கிய சீடி எந்த இயந்திரத்திலும் ஓடுமாயினும், அதற்கான மேலதிகப் பகுதிகள் சீடியின் பிரதேசமும் கணக்கின் பிரதேசமும் ஒத்திருந்தால் மாத்திரமே சேரும். அமெரிக்கக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைக்கு அவை சேரா. உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கே உரியது, ஆகையால் அங்கேயே பெட்டியைத் திறந்து ஓரிரு இரவுகள் ஓட்டிப் பார்த்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு, அதன் பின்னர் சூட்கேஸில் வைப்பீராக.